மூன்று வசனம் வாசிக்கும் உரிமை

இராமநாதபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில், திருப்புல்லாணிக்கு அருகில் இருக்கிறது பெரியபட்டினம். இன்று பார்த்தால் மீன்பிடிப் படகுகளும் பனைகளும் தர்காவும் உள்ள அமைதியான ஊர். 13-ஆம் நூற்றாண்டில் அது பவித்திரமாணிக்கப்பட்டினம் என்ற பெயரில் பாண்டியர்களின் பெரும் துறைமுகமாக இருந்தது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் அங்கே சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்தப் பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு நிலம் கொடுத்த செய்தி திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் சுவரிலேயே கல்வெட்டாக இருக்கிறது. அதே வட்டாரத்திலிருந்து எபிரேய எழுத்து பொறித்த ஒரு கல்லறைக் கல்லும் கிடைத்தது. மரியம் என்ற யூதப் பெண்ணின் பெயர் அதில் இருக்கிறது.

ஆக, நம் கடற்கரையில் 700, 800 ஆண்டுகளுக்கு முன் யூதர்கள் வாழ்ந்தார்கள், இறந்தார்கள், புதைக்கப்பட்டார்கள். உலகில் யூதர்கள் எங்கே குடியிருந்தாலும் அவர்களோடு ஒரு வழக்கமும் போகும். மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, சனிக்கிழமைதோறும் சபையில் உரக்க வாசிப்பார்கள். ஒரு வருடத்தில் முழு நூலும் முடியும். முடிந்த அன்றே மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கிவிடுவார்கள்.

இந்த வாசிப்பு முறையைப் பற்றி ஒரு தலித் வலைப்பக்கத்தில் ஏன் எழுதுகிறோம் என்று கேட்கலாம். காரணம் ஒன்றுதான். "புனித நூலை யார் வாசிக்கலாம்?" என்ற கேள்வி நம்மைப் பொறுத்தவரை வெறும் மதக் கேள்வி கிடையாது. இந்த நாட்டில் அதுதான் சாதியின் கேள்வி. அந்தக் கேள்வி நம் பக்கத்து ஊரான கொச்சியில், ஒரு யூத ஜெபாலயத்துக்குள்ளேயே 400 ஆண்டுகளுக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. அந்த வரலாறு நம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூலமும் உரையும்

தோராவை யூதர்கள் தனியாக வாசிப்பதில்லை, உரையோடுதான் வாசிக்கிறார்கள். அச்சிட்ட பெரிய பதிப்புகளைத் திறந்தால் பக்கத்தின் நடுவில் நாலைந்து வரி மூலம் இருக்கும். அதைச் சுற்றி நான்கு பக்கமும் உரைகள் நிற்கும். 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷியின் உரை ஒருபுறம். ஸ்பெயினைச் சேர்ந்த இப்னு எஸ்ராவும் நாக்மானிடஸும் மறுபுறம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். "ராஷி சொன்னது பொருந்தாது" என்று நாக்மானிடஸ் வெளிப்படையாக எழுதுவார். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகும். மாணவன் இரண்டையும் படித்துவிட்டுத் தன் கேள்வியைக் கேட்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்று படித்திருக்கிறோம். உரை எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதும் நமக்குத் தெரியும். வள்ளுவர் 'அறம்' என்று சொன்ன இடத்தில் மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதே அறம் என்று பரிமேலழகர் உரை எழுதினார். மூலத்தில் மனு இல்லை, உரையில் மனு வந்து உட்கார்ந்துகொண்டார். பல நூறு ஆண்டுகள் அந்த உரை வழியாகத்தான் குறள் படிக்கப்பட்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபின் அதில் குறளுக்குப் பௌத்த நோக்கில் தானே உரை எழுதினார். தன் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த குறள் சுவடிதான் எல்லீஸ் துரைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பதிவு செய்தார். நூலைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு அதற்குப் பொருள் சொல்லும் உரிமை இல்லையா என்ற கேள்வி அந்த உரை முழுக்க ஒலிக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தோராவின் ஒரு வாரப் பகுதிக்குள் போவோம்.

'மிஷ்பாதீம்': அடிமைச் சட்டம் வரும் வாரம்

நம் ஊர்ச் சர்ச்சுகளில் உள்ள தமிழ் பைபிளில் யாத்திராகமம் 21 முதல் 24 வரையிலான அதிகாரங்கள்தான் 'மிஷ்பாதீம்' என்ற வாரப் பகுதி. அதற்கு முந்தைய வாரம் சீனாய் மலையில் பத்துக் கட்டளை வருகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே கொண்டுவந்த கடவுள் நானே என்று அது தொடங்குகிறது. மறுவாரம் சட்டங்கள் வருகின்றன. முதல் சட்டமே அடிமை பற்றியது. எபிரேய அடிமை ஆறு வருடம் உழைக்க வேண்டும், ஏழாம் வருடம் எதுவும் கொடுக்காமல் விடுதலையாகலாம். போக மாட்டேன் என்று அவன் சொன்னால் கதவோடு சேர்த்து அவன் காதைக் குத்த வேண்டும். அதன்பின் அவன் அங்கேயே ஊழியம் செய்ய வேண்டும்.

நேற்றுத்தான் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களின் முதல் சட்டம் ஏன் அடிமை பற்றியதாக இருக்கிறது? இந்தக் கேள்வியை உரையாசிரியர்களே கேட்டார்கள். நாக்மானிடஸின் விடை இது: ஏழாம் ஆண்டு விடுதலை என்பது எகிப்திலிருந்து வெளிவந்ததன் நினைவு, ஆகவே அதுதான் முதலில் வர வேண்டும்.

ஏன் காதைக் குத்த வேண்டும்? ராஷி இங்கே யோகனான் பென் சக்காய் என்ற பழைய அறிஞரின் விளக்கத்தைத் தருகிறார். இஸ்ரவேலர் எனக்கு மட்டுமே ஊழியர் என்று கடவுள் சீனாயில் சொன்னதைக் கேட்ட காது அது. கேட்டபின்னும் ஒரு மனிதனை எசமானனாகத் தேடிக்கொண்டதே, அதனால் அந்தக் காது குத்தப்படட்டும் என்கிறார் அவர். அடிமைத்தனத்தை ஏற்றுக்கொள்வதே குற்றம் என்று சொல்லும் உரை இது. அடிமைக்கு அவன் அடிமை என்று உணர்த்து, அவன் கிளர்ந்தெழுவான் என்ற பாபாசாகேபின் பேச்சை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது எங்கே படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த இடத்தில் நாம் நின்று கவனிக்க வேண்டும். இந்த விடுதலை யாருக்கு? எபிரேய அடிமைக்கு. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் 'பெஹார்' என்ற வாரப் பகுதியில் வருகிறது. அங்கே சட்டம் இரண்டாகப் பிரிகிறது. உன் சகோதரன் ஏழையாகி உன்னிடம் விலைப்பட்டால் அவனை அடிமைபோல் நடத்தாதே, சுற்றியுள்ள பிற சாதியாரிடமிருந்து வாங்கும் அடிமைகளோ என்றென்றைக்கும் உன் சொத்து, உன் பிள்ளைகளுக்கும் சொத்து. பிறப்பால் வரும் கோடு இதுதான். உள்ளே இருப்பவனுக்கு ஏழாம் வருடம், வெளியே இருப்பவனுக்கு 'என்றென்றைக்கும்'.

அந்த 'என்றென்றைக்கும்' என்ற ஒரே சொல்லின் மேல் பழைய அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். அப்படி வைத்திருக்கலாம் என்ற அனுமதிதான் அது என்றார் ரப்பி இஸ்மவேல். இல்லை, அது கட்டளை, விடுவிக்கவே கூடாது என்றார் ரப்பி அகிபா. அதே தல்மூத் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ரப்பி எலியேசர் ஜெபாலயத்துக்குப் போகிறார். சபையாக ஜெபம் செய்யப் பத்துப் பேர் வேண்டும், ஒரு ஆள் குறைகிறது. உடனே தன் அடிமையை விடுதலை செய்கிறார். அவன் பத்தாவது ஆளாகிறான், ஜெபம் தொடங்குகிறது. விடுவிப்பது தவறென்றால் இவர் எப்படி விடுவித்தார் என்று தல்மூத் கேட்கிறது. சபையின் கடமைக்காகச் செய்தார், அதனால் பரவாயில்லை என்று பதிலும் சொல்கிறது.

தோழர்களே, இந்தக் கதையை இரண்டு விதமாகப் படிக்கலாம். நேற்று அடிமையாக இருந்தவன் இன்று பத்தில் ஒருவன், முழு மனிதன், மற்ற ஒன்பது பேரைப் போலவே எண்ணப்படுகிறான் என்று படிக்கலாம். சபைக்குத் தேவைப்பட்டதால்தான் அவனுக்கு விடுதலை கிடைத்தது என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை. எண்ணிக்கைக்கு ஆள் வேண்டும் என்றால் மட்டும் கதவு திறப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். மக்கள்தொகைக் கணக்கில் இந்து, தேர்தலில் வாக்கு, கோயில் வாசலில் மட்டும் வேற்றாள்.

அடிமை வாசித்தால் என்ன ஆகும்?

12-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மைமோனிடஸ் யூதச் சட்டம் முழுவதையும் 'மிஷ்னே தோரா' என்று தொகுத்தார். அடிமைகள் பற்றிய பகுதியில் ஒரு விதி இருக்கிறது. எசமானன் தன் அடிமையிடம், சபைக்கு முன்னால் தோராச் சுருளிலிருந்து மூன்று வசனம் வாசி என்று சொன்னால், அந்த அடிமை விடுதலை பெறுகிறான். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி எசமானனைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

ஏன் என்றால், சபையில் வாசிப்பது சுதந்திர மனிதனின் செயல். அடிமை அதைச் செய்ய முடியாது, செய்துவிட்டால் அவன் அடிமையாக இருக்க முடியாது. மூன்று வசனம்தான், இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு மனிதனின் நிலையே மாறிவிடும் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டாலே தண்டனை என்று விதித்த தர்மசூத்திரங்களுக்கும் இந்த ரகசியம் தெரிந்தேதான் இருந்தது. வாசிப்பு விடுதலை என்று இரண்டு மரபுக்கும் தெரியும். ஒன்று அதற்குப் பத்திரம் எழுதச் சொன்னது, இன்னொன்று காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது.

ஆனால் மைமோனிடஸின் விதியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 'வாசி' என்று எசமானன் சொல்ல வேண்டும். அடிமை தானாக எழுந்து வாசித்தால், எசமானன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலும் விடுதலை இல்லை.

விடுதலை பெற்றபின் என்ன? சட்டம் தெளிவாகவே இருக்கிறது. முறைப்படி விடுவிக்கப்பட்டு நீரில் மூழ்கி எழுந்தவன் முழு யூதன். சபையில் எண்ணப்படுவான், வாசிக்க அழைக்கப்படுவான், பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். அவனைப் பார்த்து 'அடிமை' என்று ஏசுபவனைச் சபையிலிருந்து விலக்க வேண்டும் என்று தல்மூத் சொல்கிறது. நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதற்கு எதிரான பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கொச்சிக்குப் போன கப்பல்

மைமோனிடஸின் அதே காலத்தில் துடேலாவின் பெஞ்சமின் என்ற யூதப் பயணி கொல்லம் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அங்குள்ள மக்கள் கறுப்பு நிறம், யூதர்களும் அப்படியே, அவர்கள் தோராவை அறிவார்கள், தல்மூத்தும் கொஞ்சம் அறிவார்கள் என்கிறார். இதே காலத்து வணிகன் ஆபிரகாம் பென் யிஜு துனீசியாவிலிருந்து மங்களூருக்கு வந்தவன். 1132-இல் ஆஷு என்ற தன் அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதி, அவளையே மனைவியாக்கிக்கொண்டான். அவனிடம் பொம்மா என்ற இன்னொரு அடிமையும் இருந்தான். எசமானனின் வியாபாரத்துக்காக ஏடன்வரை போய் வந்தவன் அவன். இவர்களைப் பற்றிய தாள்கள் கெய்ரோவின் பழைய ஜெபாலயத்துச் சேமிப்பறையில் 800 ஆண்டு கிடந்து வெளியே வந்தன. அமிதவ் கோஷ் பொம்மாவைத் தேடித்தான் தன் 'இன் ஆன் ஆன்டிக் லேண்ட்' நூலை எழுதினார். ஆஷுவின் பெயரும் பொம்மாவின் பெயரும் எசமானனின் காகிதங்களில்தான் வாழ்கின்றன. அவர்களே எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

இப்படி அடிமைப் பெண்களுக்கும் யூத எசமானர்களுக்கும் பிறந்தவர்கள், வாங்கப்பட்டு மதம் மாற்றப்பட்டவர்கள், விடுவிக்கப்பட்டவர்கள் என்று கொச்சியில் ஒரு மக்கள் கூட்டம் உருவானது. எபிரேயத்தில் அவர்களுக்கு 'மெஷுஹ்ராரிம்' என்று பெயர். 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று அர்த்தம். விடுதலையானதையே நிரந்தரப் பட்டமாக ஒட்டி, தலைமுறை தலைமுறையாக 'நீ அடிமை வழி' என்று நினைவூட்டும் பெயர் அது.

அந்த நாளைய மலபாரை மறக்க வேண்டாம். புலையர், செறுமர் போன்ற மக்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட காலம் அது. 17-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாகக் கப்பலேற்றியது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-இலும், கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களில் 1850-களிலும்தான் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. சாதி சூழ்ந்த அந்த மண்ணில் குடியேறிய யூதர்களும் சாதியைக் கற்றுக்கொண்டார்கள். 'வெள்ளை யூதர்' எனப்பட்ட பரதேசிகள் மேலே, 'கறுப்பு யூதர்' எனப்பட்ட மலபாரிகள் அவர்களுக்குக் கீழே. இரண்டு குழுவிலும் 'விடுவிக்கப்பட்டவர்கள்' எல்லோருக்கும் கீழே. வெள்ளையரால் ஒதுக்கப்பட்ட கறுப்பு யூதர்களும் தங்களிடமிருந்த மெஷுஹ்ராரிமை ஒதுக்கினார்கள். பாபாசாகேப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். எல்லோருக்கும் மிதிக்க ஒருவன் கீழே கிடைப்பான், அதனால் யாரும் ஏணியை உடைக்க மாட்டார்கள்.

கெய்ரோவிலிருந்து வந்த தீர்ப்பு

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி கெய்ரோவுக்குப் போகிறது. அங்கே தலைமை ரப்பியாக இருந்தவர் தாவீது இப்னு சிம்ரா. ரத்பாஸ் என்று சுருக்கமாக அழைப்பார்கள். கேள்வி இது: இங்கே 900 குடும்பத் தலைவர்கள் இருக்கிறோம். அதில் 100 பேர் தங்களை உயர்குடி என்று சொல்லிக்கொண்டு மற்றவர்களோடு பெண் கொடுத்து எடுக்க மறுக்கிறார்கள், எங்களை அடிமைகள் என்கிறார்கள். இது சரியா?

ரத்பாஸ் நூல்களைப் புரட்டினார், உரைகளைச் சேர்த்துப் பார்த்தார், பதில் எழுதினார். முறைப்படி விடுதலையும் நீராட்டும் நடந்திருந்தால் அவர்கள் முழு யூதர்கள், திருமண உறவு கொள்ளலாம், சந்தேகம் உள்ள இடத்தில் இப்போதே அந்தச் சடங்கைச் செய்து சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு கப்பலேறி வந்தது. உயர்குடியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1568-இல் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெபாலயம் கட்டினார்கள். அங்கே மெஷுஹ்ராரிம் பிரதான மண்டபத்தில் உட்கார முடியாது, முன்னறையில்தான் இடம். வாரப் பகுதி வாசிக்கும்போது தோராச் சுருளுக்கு அருகே அவர்கள் அழைக்கப்பட மாட்டார்கள். திருமண உறவு கிடையாது. செத்தால் அதே கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அதே ஊர், அதே தெரு, அதே நூல், அதே ஜெபம்.

ஒவ்வொரு வருடமும் மிஷ்பாதீம் வாரம் வந்திருக்கும். ஏழாம் வருடம் விடுதலை என்று உள்ளே ஒருவர் வாசித்திருப்பார். முன்னறையில் உட்கார்ந்திருந்த விடுவிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள். வாசிக்க மட்டும் அவர்களுக்கு அனுமதி இல்லை.

நூலில் சமத்துவம் இருந்தால் போதும், நடைமுறை தானாக மாறும் என்று நம்புகிறவர்களுக்குக் கொச்சி ஒரு பாடம். நூல் அவர்கள் பக்கம், சட்டம் அவர்கள் பக்கம், உலகின் பெரிய ரப்பியின் தீர்ப்பும் அவர்கள் பக்கம். இருந்தும் 400 ஆண்டுகள் எதுவும் நகரவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களில் ஒரு பகுதியினர் பொறுக்க முடியாமல் வெளியேறி, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கோட்டைக் கொச்சியில் தனியாக ஜெபம் நடத்திப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை.

வக்கீல் சேலம்

1882-இல் அந்த விடுவிக்கப்பட்டவர் குடும்பம் ஒன்றில் ஆபிரகாம் பாரக் சேலம் பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும் சென்னையிலும் படித்து, தன் மக்களில் முதல் பட்டதாரியானார், வக்கீலானார். தொழிலாளர் பிரச்சினைகளைப் பேசினார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனார். வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-25-இல் சத்தியாகிரகம் நடந்த நாடு அது. அந்த ஆயுதத்தைச் சேலம் தன் ஜெபாலயத்துக்குள் கொண்டுவந்தார். புறக்கணித்தார், திரும்ப வந்தார், உட்காரக் கூடாத இடத்துக்கும் வாசிக்கும் உரிமைக்கும் சளைக்காமல் போராடினார். 'யூதக் காந்தி' என்ற பெயர் அவருக்கு இப்படித்தான் வந்தது. நம் இயக்கத்துக்குக் காந்தியோடு உள்ள கணக்கு வேறு, அதை இங்கே எடுக்கவில்லை.

1930-களிலும் 40-களிலும் படிப்படியாகத் தடைகள் தளர்ந்தன. உள்ளே பெஞ்சில் இடம் கிடைத்தது, பிறகு வாசிக்கும் அழைப்பும் கிடைத்தது. 1950-இல் சேலத்தின் மகன் பால்ஃபர் ஒரு வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். மணம் பம்பாயில் நடந்தது. தம்பதியர் கொச்சி ஜெபாலயத்துக்கு வந்தபோது, மணமகள் ஏறி வந்த பெண்கள் மாடத்திலிருந்து மற்ற பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். உரிமை எழுத்தில் கிடைத்தபின்னும் பக்கத்தில் உட்கார மனம் வரவில்லை.

இன்னொரு உண்மையையும் பார்க்க வேண்டும். தடைகள் தளர்ந்த அதே காலத்தில் பரதேசிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இஸ்ரேல் உருவானபின் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். ஜெபத்துக்குப் பத்துப் பேர் தேறுவதே பாடாகிவிட்டது. ரப்பி எலியேசர் தன் அடிமையை விடுவித்த அந்தப் பழைய காட்சி, கொச்சியில் வேறு உருவத்தில் நடந்தேறியது. பத்தாவது ஆள் தேவைப்பட்டபோது பாகுபாடு செத்தது. சேலம் மட்டும் கொச்சியிலேயே இருந்து 1967-இல் காலமானார்.

ஆனால் எண்ணிக்கை குறைந்ததால் மட்டுமே எல்லாம் நடந்தது என்று சொன்னால் சேலத்துக்குத் துரோகம் செய்கிறோம். எசமானன் 'வாசி' என்று சொல்லக் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. அவர் காத்திருக்கவில்லை. கதவு திறந்தபோது உள்ளே நுழையத் தயாராக ஒரு மக்கள் கூட்டம் அங்கே நின்றதற்கு அவருடைய போராட்டமே காரணம்.

கமுதியும் 'மாமூலும்'

கொச்சிக் கதையை அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியபோது இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரைக் கொண்டாடி வரவேற்றார். ஏழையிடத்தில் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவனை வழிபடுகிறான் என்ற கருத்தை இராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் பேசினார். நாலு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு மே 14 அன்று, அதே மன்னரின் சமஸ்தானத்துக் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். மன்னர் வழக்குப் போட்டார். மதுரைக் கீழ்நீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும் லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. கடைசித் தீர்ப்பு 1908-இல் வந்தது. கோயிலைச் சுத்தப்படுத்தும் செலவையும் அவர்கள் தலையில் கட்டினார்கள்.

நாடார்கள் பட்டியல் சாதியினர் அல்லர். பின்னாளில் அவர்கள் ஏறிய ஏணியையும் நாம் அறிவோம். ஆனால் அந்த வழக்கில் நீதிமன்றங்கள் எதைப் படித்தன என்பதுதான் முக்கியம். ஆகமங்களையும் அவற்றுக்குப் பண்டிதர்கள் சொன்ன பொருளையும் 'மாமூல்' என்கிற வழக்கத்தையும் படித்தன. தீண்டாமைக்கு வெள்ளைக்கார நீதிபதியும் ஒரு உரையாசிரியர் ஆனார். விலக்கப்பட்டவர்கள் பக்கத்திலிருந்து அதே நூல்களுக்குச் சொல்லப்பட்ட உரை அங்கே செல்லவில்லை.

யூத மரபிலும் 'மாமூல்' உண்டு. சபையில் வாசிக்க அழைக்கப்படும் ஏழு பேரில் பெண்ணையும் சேர்க்கலாம் என்று தல்மூத்தே தொடங்குகிறது. அடுத்த வரியில், 'சபையின் கௌரவத்தை' முன்னிட்டுப் பெண் வாசிக்கக் கூடாது என்று முடித்துவிடுகிறது. உரிமை இருக்கிறது, ஆனால் கௌரவம் தடுக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் எபிரேயம் படித்தவர்கள், மலையாளத்தில் தங்கள் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தலைமுறைகளுக்குக் கொடுத்தவர்கள். அவர்களும் மாடத்திலிருந்து கேட்டார்கள், வாசிக்கவில்லை. 'கௌரவம்' என்ற சொல் எங்கே வந்தாலும் தோழர்களே, அது யாருடைய கௌரவம் என்று கேளுங்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்காகத்தான் பிள்ளைகளைக் கொல்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஒரு சமூகத்தை இழிவுபடுத்த நாம் இதை எழுதவில்லை. ராஷி வாழ்ந்த காலத்திலேயே, 1096-இல், ரைன் நதிக்கரை ஊர்களில் சிலுவைப் போராளிகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் எழுதிய உரைகள் இவை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளேயும் இன்னொரு முன்னறை இருக்கும் என்பதுதான் கொச்சி சொல்லும் கசப்பான செய்தி. நம் கிராமங்களில் தலித் சாதிகளுக்கு இடையே பெண் கொடுக்க மறுப்பதும், துப்புரவுத் தொழில் செய்யும் அருந்ததியர் தெருவைத் தள்ளி வைப்பதும், கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்புவதும் இதே நோய்தான்.

மாணவர்கள் இரண்டு பழக்கங்களை இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்த நூலையும், அது பைபிளோ குறளோ அரசமைப்புச் சட்டமோ, உரையோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு உரையோடு நிற்காதீர்கள். மறுக்கிறவரின் உரையையும் அதே பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு, அந்தப் பக்கத்தில் யாருடைய உரை இல்லை என்று தேடுங்கள். ஆஷுவின் உரை இல்லை. பொம்மாவின் உரை இல்லை. கமுதியில் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் உரை இல்லை. அயோத்திதாசர் செய்தது போல அந்த வெற்றிடத்தில் எழுதுவது நம் வேலை.

எழுதியபின் சபையில் எழுந்து வாசிக்கவும் வேண்டும். 1957 செப்டம்பரில் முதுகுளத்தூரில் நடந்த சமாதானக் கூட்டத்தில் மற்ற தலைவர்களோடு சமமாகக் கலந்துகொண்டார் தியாகி இம்மானுவேல் சேகரன். மறுநாள், செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டார். சமமாக உட்கார்வதற்கும் சபையில் வாய் திறப்பதற்கும் இந்த மண்ணில் என்ன விலை என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் அந்த மூன்று வசனத்தின் எடையும் நமக்குத் தெரியும். யாரும் 'வாசி' என்று சொல்லக் காத்திருக்காதீர்கள்.

ஜெய்பீம்!